நனையாத அட்டை

தீபாவளிக்குப் பிறகு அடைத்துப் போட்டிருந்த பட்டாசுக் கம்பெனியை மறுபடி திறக்கிற நாள். போர்மேன் முனியராஜ் எல்லோருக்கும் முன்னால் வந்து கேட்டைத் திறந்தார். வெம்பக்கோட்டைப் பக்கம் மேகம் இறங்கிக் கரிசல் காட்டின் மேல் உட்கார்ந்திருந்தது. இரண்டு மூன்று நாளாக விட்டு விட்டு மழை. ஊறிப் போன மண்ணிலிருந்து எழும் வாசத்தோடு கந்தகத்தின் பழைய நெடியும் கலந்து வந்தது. அந்த நெடி அவருக்குப் பழக்கம். வீட்டில் அவர் தலையணையிலும் அதுதான் அடிக்கும்.

பூஜைக்கு வாழைக்கன்று கட்டினார். சந்தனம் கரைத்தார். வாட்ச்மேன் பாண்டிராஜ் கூட வந்து பந்தல் கயிற்றைப் பிடித்துக்கொண்டான். வேப்பமரத்து ரூம் பக்கம் மட்டும் இரண்டு பேரும் போகவில்லை.

"அண்ணாச்சி, ஒண்ணு சொன்னா நம்புவீகளா?" என்றான் பாண்டிராஜ். "சித்திரை வெயில்ல நாயி நாக்கத் தொங்கப்போட்டு அலையுது. அந்த ரூம் தரை மட்டும் ஈரமா இருந்துச்சு. கால வச்சேன். ஐஸ்கட்டில வச்ச மாதிரி இருந்துச்சு."

"ஊத்துக்கண் ஏதாவது இருக்கும்லே."

"நம்ம ஊர்லயா? குடிக்கவே லாரித் தண்ணி. ஊத்துக்கண்ணாம்."

முனியராஜ் சந்தனத்தை இன்னும் கொஞ்சம் கரைத்தார்.

போன சீசனில் அந்த ரூமில்தான் வெடி விபத்து நடந்தது. உள்ளே இருந்த பொன்மணியின் கால்கள் மேல் கூரைக் கான்கிரீட் விழுந்தது. வெடிமருந்து திரும்பவும் பற்றிக்கொள்ளக் கூடாது என்று குழாய்த் தண்ணீரை அடித்துக்கொண்டே இருந்தார்கள். அதில் யாரும் குறை சொல்ல முடியாது. ஆம்புலன்ஸ்காரர் கம்பளியை எடுத்துக்கொண்டு ஓடி வந்தபோது முனியராஜ்தான் மறித்தார். கம்பளியிலும் நைலானிலும் பொறி கிளம்பும். மருந்து சிதறிக் கிடக்கிற இடத்தில் பருத்தியைத் தவிர எதுவும் ஆகாது. அதுவும் சட்டப்படி சரிதான்.

அதன் பிறகுதான் இருளம்மாள் வந்தாள். பொன்மணியோடு ஒரே ரூமில் வேலை பார்த்தவள், தண்ணீர் குடிக்க வெளியே போனதால் தப்பித்தவள். உடம்பெல்லாம் சேறும் கரியுமாக அவர் முன்னால் நின்றாள்.

"அண்ணாச்சி, பொன்மணி குளிருதுங்கா. பல்லு கிட்டிக்கிட்டு வருது. பேக்கிங் ஷெட்டுல பெட்டி மடிக்கிற காஞ்ச அட்டை கிடக்குல்லா, ரெண்டு கட்டு எடுத்துக்கிடட்டா? அடியில தள்ளி விடுதேன்."

பக்கத்தில் வேறு யாரும் இல்லை. முனியராஜ் அவளைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

"அது ஆர்டர் அட்டை தாயி, நனைஞ்சிரும்."

யோசித்துச் சொன்ன வார்த்தை இல்லை. மழை தூறும்போதெல்லாம், தண்ணீர்க் குடத்தோடு யாராவது ஷெட்டுப் பக்கம் போகும்போதெல்லாம் வருஷக்கணக்காகச் சொல்லிச் சொல்லி நாக்கிலேயே குடியிருந்த வார்த்தை. இருளம்மாள் கொஞ்ச நேரம் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு போய்விட்டாள். தன் இரண்டு உள்ளங்கைகளையும் பொன்மணியின் முதுகுக்கும் ஈரத் தரைக்கும் நடுவே கொடுத்துக்கொண்டு கிடந்தாள் என்று மற்றவர்கள் சொல்லித்தான் அவருக்குத் தெரியும்.

பொன்மணியை வெளியே எடுத்தபோது உயிர் இருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் இல்லை.

"தீக்காயம் கம்மிதான். கால் போயிருக்கும், ஆள் பிழைச்சிருக்கலாம். உடம்பு குளிர்ந்து போச்சு, அதான்" என்றார் டாக்டர்.

"இந்த வெக்கையிலயா அய்யா?"

"ஈரத் துணி, சிமெண்டுத் தரை, உள்ளே போய்க்கிட்டே இருக்கிற ரத்தம். சூட்டை எல்லாம் தரை உறிஞ்சிரும். அதுக்குப் பனிமலை வேண்டியதில்லைங்க. அடியில ஏதாவது காஞ்சதா போட்டிருக்கலாம்."

வராந்தாவில் பொன்மணியின் புருஷன் சின்னச்சாமி சுவரில் சாய்ந்து நின்றிருந்தான். "டாக்டர் என்ன சொன்னாரு அண்ணாச்சி?" என்று கேட்டான். முனியராஜ் அவன் தோளைத் தொட்டு, "காயம் பெருசுப்பா" என்றார்.

அன்று முதல் இருளம்மாள் அவரிடம் வேலைப் பேச்சைத் தவிர வேறு பேசியதில்லை. யாரிடமும் எதையும் சொன்னதும் இல்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று சில நாள் நினைப்பார். சொல்லிவிடுவாளோ என்று பல நாள் பயப்படுவார். அவள் சும்மா நிமிர்ந்து பார்த்தாலே அவர் கண் தரைக்குப் போய்விடும்.

பூஜைக்குப் பெண்கள் வந்து சேர்ந்தார்கள். இருளம்மாள் கையில் ஒரு முழம் கனகாம்பரம் இருந்தது. யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் வேப்பமரத்து ரூமைப் பார்த்து நடந்தாள். அங்கே கூரையும் மூன்று சுவர்களும் போய், பின்சுவர் மட்டும் மழையில் ஊறி நின்றது. இடிக்க ஆள் சொல்லியிருப்பதாக முதலாளி சொல்லிக்கொண்டே இருந்தார்.

பூவைச் சுவரடியில் வைக்க அவள் குனிந்தாள்.

சத்தம் பெரிதாக இல்லை. ஈரச் சுவர் விழுகிற சத்தம், நிறைமூட்டையைத் தரையில் போடுகிற மாதிரி இருந்தது.

உத்திரக் கல் ஒன்று குறுக்கே விழுந்து அவள் தொடைகளைப் பிடித்துக்கொண்டது. அதன் மேல் பாதிச் சுவர். தலைமாட்டில் ஓர் ஆள் நுழையாத அளவுக்கு ஒரு பொந்து. அதற்குள் அவள் முகமும் நெஞ்சின் மேல் குவிந்த இரண்டு கைகளும் தெரிந்தன. பேச்சு இருந்தது.

"செத்துட்டேனா, இருக்கேனா? யாராவது பார்த்துச் சொல்லுங்க."

பெண்கள் அழுதுகொண்டே சிரித்தார்கள். மிச்சச் சுவரும் ஆடிக்கொண்டிருந்ததால் முனியராஜ் அவர்களைக் கேட்டுக்கு வெளியே அனுப்பினார். தீயணைப்புக்கும் நூற்றெட்டுக்கும் போன் போட்டார்கள். ஓடையில் வெள்ளம் ரோட்டுக்கு மேலே போகிறது, சுற்றித்தான் வர வேண்டும் என்று பதில் வந்தது. ஜேசிபியைக் கூட்டிவரப் பாண்டிராஜ் தாயில்பட்டிக்கு ஓடினான்.

மழை வலுத்தது.

பொந்துக்குப் பக்கத்தில் முனியராஜ் மட்டும் இருந்தார்.

மேலே தார்ப்பாயை இழுத்துக் கட்டினார். ஆனாலும் அடியில் தரை வழியாகத் தண்ணீர் ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. இருளம்மாளின் சேலை அதைக் குடித்தது. முதலில் அவள் முதலாளியைத் திட்டினாள். பிறகு சுவரைத் திட்டினாள். அப்புறம் திட்டு குறைந்தது. பேச்சு குழறியது.

"அண்ணாச்சி…"

"சொல்லு தாயி."

"குளிருது."

அவருக்குத் தெரியும். இந்தக் கம்பெனியில் வேறு யாருக்கும் தெரியாத அளவுக்குத் தெரியும். அடியில் காய்ந்தது வேண்டும். பேக்கிங் ஷெட் கூப்பிடு தூரத்தில் இருந்தது. உள்ளே கூரை வரைக்கும் புது அட்டை. சாவி அவர் இடுப்பில். கை சாவிக்குப் போனது.

அப்போது அந்த நினைப்பு வந்தது.

இவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

அவராக வரவழைத்த நினைப்பு இல்லை. வந்தது. வந்து, கட்டில் காலில் சாய்ந்து உட்காருகிற வீட்டு ஆள் மாதிரி உட்கார்ந்துகொண்டது. கை சாவியின் மேலேயே நின்றது. எவ்வளவு நேரம் நின்றது என்று அவரால் பிறகு சொல்ல முடியவில்லை. மழை பெய்தது. இருளம்மாளின் கண்கள் மூடின. உதடு நீலம் பாரித்து, பசை போட்டது போல ஒட்டிக்கொண்டது.

பொந்துக்குள்ளிருந்து குரல் வந்தது.

"அது ஆர்டர் அட்டை தாயி, நனைஞ்சிரும்."

இருளம்மாளின் உதடு அசையவில்லை.

குரல் அவளுக்கும் அப்பாலிருந்து, சுவரும் தரையும் ஒட்டிக் கிடந்த இருட்டிலிருந்து வந்தது. பெண் குரல். ஆனால் சொன்ன ராகம் அவருடையது. திரும்பிப் பார்க்காமல் சொல்கிற அதே அலட்சியம், 'தாயி' என்பதில் வைக்கிற அதே இழுவை.

முனியராஜ் சேற்றில் பின்னால் சாய்ந்தார்.

இருட்டு மூச்சு விட்டது. பல் பல்லோடு அடிக்கிற சத்தம் கேட்டது. சன்னமாக, விடாமல். இருளம்மாளின் வாய் மூடியே இருந்தது.

எழுந்து ஓடினார். செருப்பு சேற்றில் நின்றுவிட்டது. ஷெட்டைத் திறந்து இரண்டு கட்டு அட்டையைத் தலையில் தூக்கி, தன் வேட்டியால் மூடி, கால்சட்டையோடு திரும்பி ஓடிவந்தார். அதற்குள் பாண்டிராஜும் வந்துவிட்டிருந்தான்.

"ஜேசிபி மெதுவா வந்துக்கிட்டிருக்கு. அண்ணாச்சி, என்ன இது, வடக்க போற ஆர்டர்லா? கிளிப்படம் போட்டது. முதலாளி தொலைச்சிருவாரு!"

"தொலைக்கட்டும். இன்னும் எடுத்துட்டு வாலே! பழைய பேப்பர், சாக்கு, காஞ்சது எது கிடந்தாலும் கொண்டா!"

ஒவ்வொரு அட்டையாகப் பிரித்து, இருளம்மாளின் தோளுக்கு அடியில் தள்ளினார். ஒன்று. அதன் மேல் இன்னொன்று. மூன்றாவதைத் தள்ளும்போது அது கையில் நிற்கவில்லை.

உள்ளே இருந்து யாரோ இழுத்தார்கள்.

இருளம்மாளின் கைகளைப் பார்த்தார். இரண்டும் நெஞ்சின் மேல்தான் கிடந்தன.

அடுத்த அட்டையை நீட்டினார். அதுவும் போனது. முரட்டு இழுப்பு இல்லை. பந்தியில் இலையை வாங்குகிற மாதிரி, பதமாக.

பாண்டிராஜிடம் சொல்லவில்லை. நீட்டிக்கொண்டே இருந்தார். கேட்கிறவளுக்குக் கொடுக்கிறோம் என்று மட்டும் தோன்றியது. பயத்தைவிட அதுதான் அவரை நடுங்க வைத்தது.

நூற்றெட்டு வண்டி ஓடைக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. அதிலிருந்து ஐஸ்வர்யா என்கிற பெண், இடுப்பளவு வெள்ளத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, பையைத் தலையில் வைத்து நடந்து வந்தாள். வந்ததும் பொந்துக்குள் தலையை விட்டாள்.

"அடியில யாரு அட்டை போட்டது?"

பாண்டிராஜ் முனியராஜைக் கை காட்டினான்.

"நல்ல வேலை செஞ்சீங்க. எல்லாரும் மேல போர்த்துவாங்க, கீழ மறந்துருவாங்க."

நல்ல வேலை என்ற சொல்லைக் கேட்டு அவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். ஐஸ்வர்யா நனைந்த சேலையைக் கத்தரித்து எடுத்தாள். காய்ந்த பருத்தித் துணியைச் சுற்றினாள். தலையையும் கழுத்தையும் மூடினாள். பாண்டிராஜ் பரபரத்து இருளம்மாளின் கையைப் பிடித்துத் தேய்க்கப் போனான்.

"தேய்க்காதீங்க அண்ணே! கைகால்ல இருக்கிற குளிர்ந்த ரத்தம் நெஞ்சுக்குப் போனா ஆபத்து. ஆட்டாம அசைக்காம வச்சிருக்கணும். பேச்சு மட்டும் குடுங்க."

கடைசியாக ஒரு வெள்ளித் தாளை உதறிப் போர்த்தினாள். அது சலசலத்தது. இருளம்மாளின் கண் லேசாகத் திறந்தது.

"ஜிகினாத் தாளா இது? என்னையப் பேக்கிங் பண்ணி லோடு ஏத்தப் போறீகளா?"

"ஆமாக்கா. மேல லேபிள் ஒட்டணும், என்ன பேரு போட?" என்றாள் ஐஸ்வர்யா.

"லட்சுமி வெடின்னு வேண்டாம்… ஏற்கெனவே நெறைய இருக்கு…" என்றாள். பிறகு முகத்தை இருட்டுப் பக்கம் திருப்பி, சலிப்பாக, பழகிய குரலில் சொன்னாள். "தள்ளிப் படுளா. எல்லாத்தையும் நீயே இழுத்துக்கிட்டா எப்படி?"

ஐஸ்வர்யா, குளிரில் பிதற்றுவது உண்டுதான் என்றாள். முனியராஜ் மட்டும் இருட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பல் அடிக்கிற சத்தம் நின்றிருந்தது.

பொழுது சாய்வதற்கு முன்னால் தீயணைப்பு ஆட்கள் ஜாக்கி வைத்துக் கல்லைத் தூக்கி இருளம்மாளை வெளியே எடுத்தார்கள். வலது கால் எலும்பு முறிந்திருந்தது. உயிருக்குப் பயமில்லை. ஸ்ட்ரெச்சரில் போகும்போது அவள் புறங்கை முனியராஜின் கையில் பட்டது. வெதுவெதுப்பாக இருந்தது.

ஜேசிபி மிச்ச மண்ணை வாரியபோது பொந்து வெளிச்சத்துக்கு வந்தது.

இருளம்மாள் கிடந்த இடத்தில் அட்டை காய்ந்திருந்தது. அதற்குப் பக்கத்தில், சுவரோடு ஒட்டி, இன்னொரு விரிப்பு. கிளிப்படம் எல்லாம் ஒரே பக்கம் பார்க்க, ஓரம் ஓரத்தோடு பொருந்த, பேக்கிங் தெரிந்த கை அடுக்கியது மாதிரி. ஓர் ஆள் படுக்கிற நீளம்.

அந்த அட்டைகள் மட்டும் நனைந்திருந்தன. தலை, தோள், இடுப்பு. இடுப்புக்குக் கீழே ஈரமில்லை.

"தண்ணி எப்படிண்ணே இந்த மாதிரி போகும்?" என்றான் பாண்டிராஜ்.

முனியராஜ் அட்டைகளைச் சுருட்டி எடுக்க விடவில்லை. அப்படியே மண்ணைப் போட்டு மூடச் சொன்னார்.

மறுநாள் விருதுநகர் ஆஸ்பத்திரியில் இருளம்மாள் காலில் கட்டோடு உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். முனியராஜ் ஆப்பிள் பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

"உக்காருங்க அண்ணாச்சி."

"இருக்கட்டும் தாயி."

"சாவி மேல கைய வச்சுக்கிட்டு என்ன நெனச்சீகன்னு எனக்குத் தெரியும். கண்ணு மூடித்தான் இருந்துச்சு. தெரியும்."

காலடியில் தரை திறந்தால் போய்விடலாம் என்றிருந்தது அவருக்கு. பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள். இருளம்மாள் கஞ்சியை வைத்துவிட்டு வாயைத் துடைத்தாள். கோபமாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஊர்ப் பேச்சு பேசுகிற மாதிரி சொன்னாள்.

"நான் யார்ட்டயும் சொல்லப் போறதில்ல. சொல்லி என்ன வரப்போகுது. அவளும் சொல்ல மாட்டாளாம்."

"…எவ?"

"எவளா? நேத்து முழுக்க எம்பக்கத்துல படுத்துக் கிடந்தாள்ல, அவதான். 'அவரையே சொல்லச் சொல்லு'ன்னா. அம்புட்டுத்தான் சொன்னா. பெறகு கதகதப்பா இருக்குன்னு தூங்கிட்டா."

முனியராஜ் ஆப்பிள் பையைக் கையிலேயே வைத்துக்கொண்டு வெளியே வந்தார். வீட்டுக்குப் போகவில்லை. தாயில்பட்டிக்கு பஸ் ஏறினார்.

மழை விட்ட வெயில் சுள்ளென்று அடித்தது. தார் ரோட்டில் ஈரம் ஆவியாகி முடிந்து, காற்று அனலாக வீசியது. சின்னச்சாமி வீட்டு வாசலில் பழைய சேலையை விரித்து, மழையில் பதத்துப் போன பட்டாசுக் காகிதக் குழாய்களைக் காயப் போட்டுக்கொண்டிருந்தான். உடம்பெல்லாம் வேர்வை. முனியராஜைப் பார்த்ததும் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான்.

"வாங்க அண்ணாச்சி. இருளக்கா நல்லாருக்காகளா? நீங்கதான் காப்பாத்துனீகன்னு ஊரே பேசுது."

"அப்படிச் சொல்லாத சின்னச்சாமி."

நின்றபடியே சொன்னார். டாக்டர் சொன்னதை முதலில் சொன்னார். வராந்தாவில் தான் சொன்னது பொய் என்றார். கம்பளியை மறித்தது சட்டம், அதைச் சொல்லித் தப்பிக்க வரவில்லை என்றார். கடைசியில் அந்த ஒரு வரி மிச்சம் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு அதையும் சொன்னார். இருளம்மாளிடம் சொன்ன அதே ராகத்தில்தான் அது வாயிலிருந்து வந்தது. வேறு ராகத்தில் சொல்ல அவருக்குத் தெரியவில்லை.

சின்னச்சாமி குனிந்து குழாய்களைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தான். கை நின்றது. நிமிரவில்லை.

"அந்த அட்டை நனையலையாக்கும்?"

"நனையல."

"லோடு போயிருச்சா?"

"போயிருச்சு."

சின்னச்சாமி தலையை ஆட்டினான். குழாய் ஒன்றை எடுத்து, அதன் ஓட்டை வழியாக எதையோ பார்ப்பது போல வைத்துக்கொண்டான். அவன் அடித்திருந்தால், காறித் துப்பியிருந்தால் முனியராஜ் வாங்கிக்கொண்டிருப்பார். அவன் ஒன்றும் செய்யவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான்.

முனியராஜின் முகத்தைப் பார்த்ததும் அவன் நெற்றி சுருங்கியது.

"பீடியக் கீழ போடுங்க அண்ணாச்சி. காகிதமாக் கிடக்கு. போர்மேன், ஒங்களுக்குத் தெரியாதா?"

முனியராஜ் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். ஆப்பிள் பையைத் தவிர அவற்றில் ஒன்றும் இல்லை.

நான் பிடிக்கவில்லையப்பா என்று சொல்ல வாயைத் திறந்தார். அந்த உச்சி வெயிலில், மார்கழி விடியலில் வருகிற மாதிரி, அவர் மூச்சு வெள்ளையாகப் புகைந்து வெளியே வந்தது.